ஐம்பத்தாறரை அங்குலம்

ராயபுரம்,
8.9.2025

தம்பி சைமனுக்கு அண்ணன் பாஸ்கல் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். என் முழங்கால் வலியும் அவளுடைய சர்க்கரையும் எங்களோடு நலமாக இருக்கின்றன. அங்கே நீயும் ஜானட்டும் நலம் என்று எனக்குத் தெரியும். வாரம் மூன்று முறை அண்ணிக்குப் போன் செய்கிறாய். உன் போன் வந்தால் ஞானத்தின் குரலே மாறிவிடுகிறது. அந்தக் குரலில் அவள் என்னோடு பேசி இருபது வருடம் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் மகள் ஷைனி கல்யாணத்தன்று, பங்குச் சாமியார் முன்னால், இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னேன். அது அப்படியே நிற்கிறது. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அன்று நீ செய்தது உனக்கு மறந்திருக்கும். விருந்துக்கு வந்தவர்களைக் கூட்டிப்போய் நீ வேலை பார்க்கிற கம்பெனியில் துணி வெட்டும் இயந்திரத்தைக் காட்டினாய். "எங்கண்ணன் ஒரு நாள் பூரா வெட்டுறத இது ஒரு மணி நேரத்துல வெட்டிடும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த இயந்திரத்துக்கு ஏசி வேறு. நான் நிற்கிற இடத்தில், துணி பறக்கும் என்று மின்விசிறிகூடப் போடுவதில்லை.

எழுத வந்தது வேறு. உபைதுல்லா பாயின் சட்டைக் கம்பெனியில், தண்டையார்பேட்டையில், நீயும் நானும் சேர்ந்து நின்ற அதே மேசையில் நாற்பத்தோரு வருடமாக நிற்கிறேன். நீ பத்தொன்பது வருடம் முன்பு திருப்பூர் போய்விட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே மார்க்கர் போடக் கற்றவன். முன்பாகம், பின்பாகம், கை, காலர் என்று அத்தனை துண்டுகளையும் விரல் அகலம்கூட வீணாகாமல் துணி மேல் பொருத்தி வரைவது உனக்குத் தெரிந்த வேலைதான். அதற்காகத்தான் என்னை மாஸ்டர் என்கிறார்கள். வேறு பட்டம் எனக்கு இல்லை.

சனிக்கிழமை பாய் கூப்பிட்டார்.

"மாஸ்டர், தப்பா நென்ச்சுக்காத. பெங்களூர் பார்ட்டி முந்தி மாதிரி அஞ்சாயிரம் பீஸ் கேக்குறதில்ல. ஆயிரம் கேக்குறான், அதுவும் நாலே நாள்ல. போன்ல பாத்து வாங்குற ஜனத்துக்கு விக்கிறானாம். ஒரு சட்டைக்கு எத்தினி துணி, எத்தினி வேஸ்ட்டு, எல்லாத்தியும் கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்புன்றான். அடுத்த லாட்டுக்கு மார்க்கர் திருப்பூர்லேர்ந்து மெயில்ல வருது."

"அப்போ நான் இன்னா பண்றது பாய்?"

"நீ இரு மாஸ்டர். மேசைல இரு."

மேசையில் இரு என்றால் என்ன? மாட்டி வைத்த படம் மாதிரி இருப்பதா? நாற்பத்தோரு வருடத்து மேசை, தம்பி. அதை விட்டு நான் இறங்கமாட்டேன்.

அந்தத் திருப்பூர் ஆள் யார் என்று விசாரித்து எழுது. பெயர் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
பேசாத அண்ணன்,
பாஸ்கல்


திருப்பூர்,
15.9.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு, சைமன் வணக்கத்துடன் எழுதுவது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஜானட் பயந்துவிட்டாள். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்தாளாம். முழங்கால் வலி மட்டும்தான் என்று தெரிந்ததும் இருவருக்கும் நிம்மதி. நின்றுகொண்டே இருக்காதீர்கள். ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தில் நான் சொன்னது தப்பு. சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பெருமைக்காகச் சொன்னேன்; அது உங்கள் மேல் விழுந்தது.

அமெரிக்காவில் வரியை ஐம்பது சதவீதமாக ஏற்றியதிலிருந்து இங்கே ஊர் கொஞ்சம் மந்தம். பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். ஒடிசாப் பையன்கள் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறுகிறார்கள். எங்களுக்கு ஒன்றும் குறையில்லை. இயந்திரமும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்ட ஆள் யார் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. இந்த வேலை செய்கிறவர்கள் இங்கே நூறு பேர் இருப்பார்கள். யாராக இருந்தாலும் உங்களுக்குக் கெடுதல் நினைக்கிறவனாக இருக்கமாட்டான். நீங்கள் மேசையை விடாதீர்கள்.

அண்ணிக்கு எங்கள் அன்பு.

தங்கள் தம்பி,
சைமன்


ராயபுரம்,
24.9.2025

சைமனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்க இன்று மனம் இல்லை.

பாரிமுனையில் அச்சடித்த உன் மார்க்கர் தாள் சுருட்டி வந்தது. விரித்தால் மேசை நீளத்துக்கு இருந்தது. மூலையில் இங்கிலீஷில் ஒரு பெயர். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் உன் பெயரின் எழுத்து எனக்குத் தெரியும். உன் முதல் சம்பளக் கவரை வாங்கி வந்தவன் நான்.

துணி விரிக்கிற எத்திராஜ் வாய்விட்டுப் படித்தான். முகத்துவாரக்குப்பத்துக்காரன், வாயை அடக்கத் தெரியாது.

"மாஸ்டர், இது உன் தம்பி பேருதான! அங்க குந்திகினே இங்க உனுக்கு ஆப்பு வச்சிட்டாரு பாரு!"

தையல் லைனில் இருந்த பெண்கள்கூடத் தலை தூக்கிப் பார்த்தார்கள். கல்யாணத்தில் சிரித்தவர்கள் பாதிப் பேர் தெரியாதவர்கள். இங்கே எல்லோரும் தெரிந்தவர்கள்.

உன்னுடையது என் மார்க்கரைவிடச் சட்டைக்கு முக்கால் அங்குலம் குறைவாகத் துணி எடுக்கிறது. மூன்று முறை அளந்தேன். உண்மைதான். எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனால் அளந்ததை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

உனக்குப் பெரிய கம்பெனி இருக்கிறது. சொந்த வீடு இருக்கிறது. ஏசி போட்ட இயந்திரம் இருக்கிறது. போன் செய்தால் குரல் மாறிப் பேச என் மனைவிகூட இருக்கிறாள். என்னிடம் ஒரு மேசை இருந்தது. கை வைக்க உனக்கு வேறு மேசை கிடைக்கவில்லையா?

பாஸ்கல்


திருப்பூர்,
30.9.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்த ஆள் நான்தான். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. கம்பெனி நேரம் போக மிச்ச நேரத்தில் சின்ன யூனிட்டுகளுக்கு மார்க்கர் போட்டுத் தருகிறேன். பாயிடம் நானாகத்தான் கேட்டேன். உங்கள் இடத்துக்கு ஆபத்து வராது. அதை அவரிடம் பேசியிருக்கிறேன்.

திட்டுவதை நேரில் வரும்போது திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஓர் உதவி வேண்டும். கம்ப்யூட்டருக்குத் துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. ரோல் அகலம் ஐம்பத்தெட்டு அங்குலம் என்று ஆலைக்காரன் சீட்டு ஒட்டினால் அதை அப்படியே நம்பும். நீங்கள் எந்தச் சீட்டையும் நம்பியதில்லை. புதுத் துணி வந்ததும் ஒவ்வொரு ரோலையும் அளந்து, எது எல்லாவற்றிலும் குறைவோ அதைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அந்த அகலத்துக்கு மார்க்கரை மாற்றி அனுப்பிவிடுவேன். அளக்காமல் வெட்டினால் ஓரத்தில் வருகிற சட்டைக் கை முழுதாக வெட்டுப்படாது, கத்தி காற்றில்தான் போகும்.

நீங்கள் என்னோடு பேச வேண்டாம். அண்ணியை விட்டுச் சொல்லச் சொன்னாலும் போதும். இதற்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

முழங்காலுக்கு ஜானட் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

தங்கள் தம்பி,
சைமன்


ராயபுரம்,
9.10.2025

தம்பி சைமனுக்கு,

நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டது. கோயில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். உன் அண்ணி அதிலும் செபமாலைக்குப் போய்விட்டு வருகிறாள். யாருக்காக இவ்வளவு வேண்டுகிறாய் என்று கேட்டால் சொல்வதில்லை. எனக்காக இருக்காது.

தைலம் வேண்டாம். என் வலிக்கு என்னிடமே மருந்து இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தேன். அழகாக எழுதுகிறாய். நீ பத்தாவது வரை படித்தவன். உன்னைப் பள்ளிக்கு அனுப்பியதால் நான் போகவில்லை என்று நம் அப்பா சொல்வார். நான் அப்படிச் சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. உன்னை எல்லோருக்கும் பிடிக்கும். பாய்க்குப் பிடிக்கிறது. எத்திராஜ்கூட உன் தாளைத் தடவிப் பார்த்து, "இன்னா பிட்டிங்குடா மாமு!" என்கிறான். என் மார்க்கரை நாற்பத்தோரு வருடத்தில் ஒருவன் தடவிப் பார்த்ததில்லை.

என்னைத்தான் நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறாய். நம்புகிறவன் என் மேசைக்கு வருவதற்கு முன்னால் என்னிடம் சொல்லியிருப்பான்.

ரோல் இன்று வந்தது. பதினான்கு. ஒன்பது சரியாக இருக்கின்றன. ஐந்து ரோல் ஐம்பத்தாறரை அங்குலம்தான். கேட்டாய், எழுதிவிட்டேன்.

பேசாத அண்ணன்,
பாஸ்கல்


திருப்பூர்,
19.10.2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உள்ளே தேதி ஒன்பது. உறையில் தபால் முத்திரை பதினைந்து. துணியை வெட்டியது பதின்மூன்று.

முந்நூற்றுப் பத்துச் சட்டைக்குக் கை சேரவில்லை என்று பாய் போன் செய்து சொன்னார். அகலத்தைக் கேட்டு வாங்காதது என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இனி அவருக்கு மார்க்கர் நான் போடவில்லை.

மழையில் நனையாதீர்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சைமன்


ராயபுரம்,
28.10.2025

தம்பி சைமனுக்கு,

நாங்கள் நலம். முத்திரையைப் பற்றி எழுதியிருந்தாய். தெருமுனைத் தபால் பெட்டியை மழைக்கு நாலைந்து நாள் திறக்காமல் விட்டால் நான் என்ன செய்வது? எழுதுவது என் வேலை. எடுத்துப்போவது என் வேலை இல்லை.

பெங்களூர்க்காரன் அந்தச் சட்டைகளை எடுக்கவில்லை. நான்தான் அவற்றைக் காப்பாற்றினேன். குறைப்பட்ட முழுக்கைத் துண்டைக் குறுக்கே திருப்பிப்போட்டு அரைக்கை வெட்டினேன். எல்லாம் இப்போது எம்.சி. ரோடு நடைபாதையில் தொங்குகிறது. இந்த யோசனை உன் கம்ப்யூட்டருக்கு வந்திருக்காது.

பாய் தன் கையாலேயே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். "மாஸ்டர், நீயே போடு. கம்ப்யூட்டர் சகவாசமே வாணாம், ஒரே பேஜாரு" என்றார். எல்லோரும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

உனக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. உனக்குக் கம்பெனி இருக்கிறது. எனக்கு மேசை இருக்கிறது. கணக்கு சரி.

அண்ணன்,
பாஸ்கல்


ராயபுரம்,
17.11.2025

தம்பி சைமனுக்கு,

பதில் இல்லை. தபாலில் தொலைந்ததா என்று தெரியவில்லை. அண்ணிக்கும் உன் போன் வருவதில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு சமைக்கிறாள். இரண்டு நாளாகக் காய் தீய்ந்துபோகிறது.

புது ஆர்டருக்கு நானே மார்க்கர் போட்டேன். முடித்த பிறகு உன் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரம்தான். பின்பாகத்தின் கழுத்து வளைவில் காலர்ப் பட்டியைச் சாய்த்து நுழைத்திருக்கிறாய். அது கம்ப்யூட்டர் செய்ததா, நீ செய்ததா? எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. பேசாமல் இருப்பது என்னுடைய வழக்கம். அதையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

பாஸ்கல்


திருப்பூர்,
26.11.2025

இயேசுவுக்குப் புகழ்.

மரியாதைக்குரிய மாமாவுக்கு, ஜானட் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. அவர் படித்தார், மடித்து வைத்துவிட்டார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மாமா, அவருக்கு வேலை போய்விட்டது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி. அமெரிக்க ஆர்டர் நின்றதும் எண்பது பேரை அனுப்பினார்கள், இவரும் ஒருவர். நீங்கள் பார்த்த அந்த இயந்திரத்துக்குப் பாலிதீன் உறை மாட்டி வைத்திருக்கிறார்களாம். ஏசியை நிறுத்திவிட்டார்கள். ஷைனியின் பழைய கம்ப்யூட்டரை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து மார்க்கர் போட ஆரம்பித்தார். முதலில் கிடைத்தது உபைதுல்லா பாயின் வேலைதான். அண்ணனை மேசையிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று போனில் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சட்டை கெட்ட செய்தி இங்கேயும் வந்துவிட்டது. மார்க்கர் கேட்டிருந்த மற்ற இரண்டு யூனிட்காரர்களும் அப்புறம் கூப்பிடவில்லை.

வேலை போனதை உங்களுக்கு எழுதச் சொன்னேன். வேண்டாம் என்றார். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தேன். அதற்கில்லை மாமா. "அண்ணன் சந்தோஷப்படுவாரு" என்றார்.

தைலம் இங்கேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஜானட்


ராயபுரம்,
3.12.2025

தம்பி சைமனுக்கு அண்ணன் பாஸ்கல் எழுதுவது.

ஜானட் எழுதினாள். அவளைத் திட்டாதே. திட்டினால் எனக்குத் தெரியவரும்.

கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டினேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

"உன் தம்பிக்கு வேல போய் மூணு மாசத்துக்கு மேல ஆவுது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

"ஏன், நான் இன்னா அந்நியனா?"

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே? மீன் வாங்கியாந்து கொழம்பு வைக்கச் சொல்லியிருப்பே."

வஞ்சிரம் வாங்கியிருப்பேன்.

தபால் பெட்டியை ஒழுங்காகத்தான் திறந்தார்கள். ரோல் அகலம் எழுதிய அந்தக் கடிதம் ஆறு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. போட்டாச்சா என்று ஞானம் கேட்டபோது போட்டேன் என்றேன். போன் பண்ணிச் சொல்லட்டுமா என்றாள், எழுதியாகிவிட்டது என்றேன். பதின்மூன்றாம் தேதி துணி விரிக்கும்போது எத்திராஜ் மேசையின் மறுபக்கத்திலிருந்து கத்தினான்: "மாஸ்டர், இந்தப் பக்கம் துணி எட்டல!" என் பையில் உறை தொட்டால் சத்தம் போடுகிறது. நான் அவனிடம், "கம்ப்யூட்டர் எட்டும்னு சொல்லிட்டா எட்டும்டா. போடு" என்றேன். குறைந்த ரோல் ஐந்தும் அடியில் போயின. மேலே நல்ல ரோல் வந்தது. உன் தாளை அதன் மேல் விரித்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்தது. வெட்டினது என் கை. கத்தி ஓரத்தில் காற்றை வெட்டியபோது கையில் தெரிந்தது. நிறுத்தவில்லை.

இதை அப்படியே பாயிடம் சொன்னேன். அவர் எண்ணிக்கொண்டிருந்த பணத்தைக் கல்லாப் பெட்டியில் போட்டு மூடினார்.

"மாஸ்டர், நீ சொல்லலன்னா எனுக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"அதான் பாய் சொல்றேன்."

"நாப்பத்தோரு வருஷமா கம்பெனி சாவி உன்கிட்டதான் கீது."

சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எடுத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை. மேசையில் இப்போது எத்திராஜ் வெட்டுகிறான். நான் கதவோரம் ரோல் இறக்குகிற இடத்தில் டேப்போடு நிற்கிறேன். எம்.சி. ரோட்டுக்குப் போய் அந்த அரைக்கைச் சட்டையில் ஒன்று வாங்கினேன். இதை எழுதும்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். முழுக்கையாக இருக்க வேண்டியது. முழங்கைக்குக் கீழே குளிர்கிறது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வராது. இரண்டு தாள் கிழித்துவிட்டேன். உன் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் போய்விட்டது என்றும் எழுதமாட்டேன். அந்தக் காலர்ப் பட்டியை நினைத்தால் இன்றும் எரிகிறது.

பாய் நேற்று சொன்னது இது: "தம்பியவே மார்க்கர் போடச் சொல்லு. ஆனா ரோலை அளக்கறது நீதான். அளந்த ஒடனே சொல்லணும். லெட்டர் போடுற வேலையெல்லாம் வச்சிக்காத." கேட்டு நின்றுபோன அந்த இரண்டு யூனிட்டும் கொருக்குப்பேட்டையில் இருந்திருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். திருப்பூர் எனக்குத் தூரம். பாய் போன் செய்து, தப்பு மார்க்கரில் இல்லை, இங்கே மேசையில் என்று அவர்களிடம் சொல்கிறேன் என்றிருக்கிறார். என் பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை பத்து மணிக்குப் புதுத் துணி இறங்குகிறது. பதினொன்றுக்குள் அளந்துவிடுவேன். மதியம் வெட்டவேண்டும். தபால் உன்னிடம் வர மூன்று நாள் ஆகும். ஞானத்திடம் கொடுத்தால் அரையை விட்டுவிட்டுச் சொல்லுவாள். அதனால் நானே போன் செய்கிறேன். அகலத்தின் எண்ணை மட்டும் சொல்வேன். நீ எழுதிக்கொண்டு வைத்துவிடு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே. எண் சொல்வதைப் பேச்சில் சேர்க்காதே. சாமியார் முன்னால் நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. தபால் ஆபீசுக்கே போய், என் கண் எதிரில் முத்திரை குத்தச் சொல்லிக் கொடுக்கிறேன். உள்ளே இருக்கிற தேதியும் வெளியே இருக்கிற தேதியும் ஒன்றாக இருக்கும். பார்த்துக்கொள்.

தைலத்தைக் கூரியரில் அனுப்பச் சொல். முழங்கால் வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை எண் சொல்லப்போகிற அண்ணன்,
பாஸ்கல்